குண்டு எங்கே நிற்க வேண்டும்?

காட்டுப்பன்றியைச் சுடலாம் என்று 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்தபோது, சிறுமலை அடிவாரத்தில் கரும்பும் கடலையும் போட்டவர்களுக்கு அரை நிம்மதி கிடைத்திருக்கும். முழு நிம்மதி இல்லை. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடித்துத் திரும்பக் காட்டில் விட வேண்டும். அதற்கும் அப்பால் வந்த பன்றியைத்தான் சுடலாம், அதுவும் வனத்துறை ஆட்கள் மட்டும். வாடிப்பட்டி, அலங்காநல்லூர், சமயநல்லூர் என்று எந்த ஊர் டீக்கடையில் இந்தப் பேச்சு எடுத்தாலும் அடுத்த கேள்வி ஒன்றுதான்: "எந்தத் துப்பாக்கியில சுடுவாங்க?" பதிலும் உடனே வரும்: "பெருசா இருந்தா ஒரே அடியில விழுந்துரும்ல."

விழாது. ஏன் விழாது என்பதற்குக் கொஞ்சம் இயற்பியலும் கொஞ்சம் உடலியலும் வேண்டும். துணைக்கு வடதுருவப் பக்கத்திலிருந்து ஒரு மானையும் அழைத்துக்கொள்வோம்.

மான் குடும்பத்தில் மிகப் பெரியது மூஸ். நம் மலைகளில் பெரிய மான் என்றால் கடமான். தெற்கே மிளா என்பார்கள். நன்றாக வளர்ந்த மிளாக் கிடா 200 முதல் 300 கிலோ. மூஸ் கிடா 500 கிலோவைத் தாண்டும். ஸ்வீடன், நார்வே, பின்லாந்து மூன்றிலும் மூஸ் வேட்டை ஊர்த் திருவிழா மாதிரி, ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் நடக்கும். 83 லட்சம் பேர் வாழ்ந்த ஸ்வீடனில் 1982ஆம் ஆண்டு மட்டும் ஏறத்தாழ 1,74,000 மூஸ்கள் சுடப்பட்டன. இத்தனை பேர் இத்தனை காலம் சுட்டுப் பார்த்த அனுபவம் அங்கே சட்டமாகவே எழுதப்பட்டிருக்கிறது. மூஸைச் சுடும் குண்டு குறைந்தது 9 கிராம் எடை இருக்க வேண்டும். 100 மீட்டர் தள்ளிப் போன பிறகும் அதில் 2,700 ஜூல் ஆற்றல் மிச்சம் இருக்க வேண்டும். 10 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் 2,000 ஜூல் போதும். பின்லாந்திலும் இதே கணக்குதான்.

2,700 ஜூல் என்பது 275 கிலோவை ஒரு மீட்டர் உயரம் தூக்க ஆகும் ஆற்றல். பெரிய எண்தான். ஆனால் அந்தச் சட்டத்தின் இரண்டாம் பாதியைக் கவனியுங்கள். ஒரே ஒரு கிராம் எடை கூடினால் 700 ஜூலை விட்டுக்கொடுக்கிறது. மானைக் கொல்வது ஆற்றல்தான் என்றால் இந்தச் சலுகைக்கு அர்த்தமே இல்லை. சட்டம் எழுதியவர்கள் ஜூலைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருந்தாலும், அவர்கள் மனதில் இருந்தது வேறு: குண்டு எவ்வளவு ஆழம் போகும்?

முதலில் 'அடித்துத் தள்ளுவது' என்ற எண்ணத்தை ஒழித்துவிடலாம். ஸ்வீடனிலும் நார்வேயிலும் நூறாண்டுக்கு மேலாக மூஸ் வேட்டைக்குப் பழகிய தோட்டா ஒன்று உண்டு. 1894இல் இரு நாட்டு ராணுவங்களுக்காகவும் சேர்ந்து வடிவமைத்தது. குழல் விட்டம் ஆறரை மில்லிமீட்டர். அதிலிருந்து 10 கிராம் குண்டு நொடிக்குச் சுமார் 780 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. எடையை வேகத்தால் பெருக்கினால் உந்தம் 7.8. இந்த உந்தம் முழுவதையும் 400 கிலோ மூஸ் வாங்கிக்கொண்டாலும் அதன் உடல் நகரும் வேகம் நொடிக்கு 2 சென்டிமீட்டர். 80 கிலோ பன்றி என்றால் 10 சென்டிமீட்டர். இதற்கு யாரும் விழமாட்டார்கள். சுட்டவர் தோளிலும் ஏறத்தாழ அதே உந்தம்தான் இடிக்கிறது, வெடிமருந்துப் புகையின் பங்கும் சேர்ந்தால் இன்னும் கூடுதலாகவே. அவர் நின்ற இடத்திலேயே நிற்கிறார். சினிமாவில் குண்டு பட்டவர் பத்தடி பறந்து கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுவதை நியூட்டனின் மூன்றாம் விதி அனுமதிப்பதில்லை. சண்டைப் பயிற்சியாளரின் கயிறு அனுமதிக்கிறது.

பின்னே எதனால் சாகிறது? பெரும்பாலும் ரத்தம் போய். நுரையீரலிலும் இதயத்தையொட்டிய பெரிய குழாய்களிலும் ஓட்டை விழுந்தால் ரத்த அழுத்தம் சரிந்து மூளைக்கு ஆக்ஸிஜன் நின்றுபோகும். நின்ற பிறகும் மூளையில் உள்ள கையிருப்பு பத்துப் பதினைந்து நொடி தாங்கும். அந்த நொடிகளில் மூஸ் ஒன்றும் நடக்காதது போல் ஐம்பது, நூறு மீட்டர் ஓடிவிட்டு அப்புறம்தான் சாயும். நேராக இதயத்தில் பட்ட மானும் ஓடும். மூளையிலோ முதுகுத் தண்டிலோ பட்டால் மட்டுமே நின்ற இடத்தில் விழும். ஆனால் அந்தக் குறி சிறியது, தலை ஓயாமல் அசைவது. ஒரு விரற்கடை தவறினால் தாடை உடைந்த விலங்கு தப்பி ஓடிப் பட்டினி கிடந்து நாள்கணக்கில் சாகும். அதனால்தான் மார்புக்கூட்டைக் குறிவைக்கச் சொல்கிறார்கள். பன்றிக்கு ஒரு திருத்தம்: அதன் இதயமும் நுரையீரலும் மானுக்கு இருப்பதைவிடத் தாழ்ந்தும் முன்தள்ளியும், முன்னங்காலுக்கு நேராக இருக்கும். மானைச் சுட்டுப் பழகிய கண்ணோடு தோளுக்குப் பின்னால் குறிவைத்தால் குண்டு ஈரலிலோ வயிற்றிலோ போய் இறங்கும்.

ஆக, குண்டு செய்ய வேண்டிய வேலை இரண்டு. தோலையும் தசையையும் விலா எலும்பையும் கடந்து உள்ளே போக வேண்டும். போன இடத்தில் அகலமாகத் திறந்துகொள்ள வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று பகை. விரிந்த குண்டு சீக்கிரம் நின்றுவிடும். விரியாத குண்டு நிற்காமல் மறுபக்கம் போய்விடும். வேட்டைக் குண்டின் அறிவியல் முழுவதும் இந்தப் பகையைச் சமாதானம் செய்து வைக்கும் வேலைதான்.

அந்த வரலாற்றில் முக்கியமான ஓர் ஊர் நம் நாட்டில் இருக்கிறது. கல்கத்தாவை ஒட்டிய டம் டம். 1890களில் பிரிட்டிஷ் ராணுவம் .303 துப்பாக்கிக்கு மாறியிருந்தது. மெல்லிய குண்டு, சுற்றிலும் முழு உலோக உறை, உள்ளே ஈயம். 1895 சித்ரால் போரில் சிப்பாய்களிடமிருந்து முறையீடு வந்தது: குண்டு பட்டவன் நிற்காமல் ஓடி வருகிறான். கோணி ஊசி சாக்கில் ஏறுவதுபோல் குண்டு ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் போய்க்கொண்டிருந்தது. டம் டம் படைக்கலத் தொழிற்சாலையில் கேப்டன் நெவில் பெர்ட்டி-கிளே ஒரு சின்ன மாற்றம் செய்தார். முனையில் மட்டும் உறையைத் திறந்துவிட்டு ஈயத்தை வெளியே தெரிய வைத்தார். ஈயம் மென்மையான உலோகம். ஈரமான தசையில் மோதியதும் முனை நசுங்கி, உறை பின்னோக்கி உரிந்து, குண்டு காளான் போல் குடை விரித்தது. காயம் கோரமாக இருந்தது. 1899இல் ஹேக் நகரில் கூடிய நாடுகள் மனித உடலில் விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்துவதில்லை என்று பிரகடனம் செய்தன. பிரிட்டன் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. அது வேறு கதை.

போரில் விலக்கப்பட்ட அதே குண்டு மூஸ் வேட்டையில் கட்டாயம். விரியாத குண்டால் மூஸைச் சுடுவதுதான் ஸ்வீடனில் குற்றம். முரண்பாடு போலத் தெரியும், இல்லை. போரில் எதிரியைச் செயலிழக்கச் செய்தால் போதும், காயம்பட்டவனுக்கு மருத்துவமனை உண்டு. விலங்குக்கு மருத்துவமனை கிடையாது. சீக்கிரம் சாகடிப்பது ஒன்றே அதற்குக் காட்டக்கூடிய இரக்கம். இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் செய்தி நேரானது. காவல்துறையிலும் ராணுவத்திலும் புழங்கும் முழு உறைக் குண்டு பன்றிக்குப் பொருந்தாது. துப்பாக்கி எவ்வளவு நவீனமாக இருந்தாலும் பொருந்தாது.

வேட்டை முடிந்து விலங்கை அறுக்கும்போது கிடைக்கும் குண்டைக் கையில் வைத்துப் பார்த்தால் இந்தச் சமாதானம் கண்ணுக்குத் தெரியும். முன்பாதி விட்டத்தில் ஏறத்தாழ இரட்டிப்பாகி, செம்பு உறை நாலைந்து இதழாகப் பின்னே மடங்கியிருக்கும். பின்பாதி சுட்டபோது இருந்த உருளை வடிவம் கலையாமல், குழலின் வரிப்பள்ளங்கள் பதித்த சாய்கோடுகளோடு அப்படியே இருக்கும். அந்தப் பின்பாதிதான் தள்ளிக்கொண்டு போனது. அது மிஞ்சவில்லை என்றால் குண்டு மேல்தசையிலேயே சிதறிவிட்டது என்று பொருள்.

ஆழத்தைத் தீர்மானிக்கும் அளவை எளிது: குண்டின் எடையை அதன் முகப்பின் பரப்பால் வகுத்தால் போதும். அந்த ஆறரை மில்லிமீட்டர் குண்டுக்கு ஒரு சதுர சென்டிமீட்டர் முகப்புக்குப் பின்னால் சுமார் 28 கிராம் எடை நிற்கிறது. நம் பக்கத்து நாட்டுத் துப்பாக்கியில் கரிமருந்தைக் கெட்டித்து மேலே போடுவது ஈய ரவை. 4 மில்லிமீட்டர் ரவைக்கு அதே கணக்கைப் போட்டால் 3 கிராம். ஒன்பதில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. வேகமும் குறைவு. போதாக்குறைக்கு உருண்டை காற்றில் சீக்கிரம் சோர்ந்துபோகும். வளர்ந்த ஆண் பன்றிக்கோ தோள்பட்டை மேல் குருத்தெலும்பு போல் இறுகிய ஒரு தடித்த கேடயம் இருக்கும். ஆண் பன்றிகள் தங்களுக்குள் தந்தத்தால் குத்திச் சண்டை போடும்போது காப்பது அதுதான். ரவை அதிலேயே நின்றுவிடும். சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்கும், பன்றி ரவையோடு ஓடும், புண் சீழ் பிடிக்கும். பழத்திலும் தின்பண்டத்திலும் வெடிமருந்தைப் பொதிந்து வைக்கும் அவுட்டுக்காயைப் பற்றி இங்கே பேசவே மனம் வரவில்லை. யார் கடிப்பார்கள் என்று வைத்தவனுக்கே தெரியாது. மாடும் கடிக்கும், யானையும் கடிக்கும்.

'பெரிய துப்பாக்கி' என்ற மோகம் நமக்கு மட்டும் உரியதல்ல. ரவைத் துப்பாக்கியை '12 போர்' என்கிறோமே, ஒரு பவுண்டு ஈயத்தில் 12 உருண்டை பிடித்தால் ஒவ்வொன்றும் எவ்வளவு தடிமனோ அதுதான் குழலின் அளவு. உருண்டை ஒன்று 38 கிராம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மைசூர்க் காடுகளில் யானை பிடிக்கும் பொறுப்பில் இருந்த சாண்டர்சன் போன்றவர்கள் 4 போர் வரை போனார்கள். உருண்டை 113 கிராம். நுவரெலியாவில் குடியேறி மிளா வேட்டையில் மூழ்கிக் கிடந்த சாமுவேல் பேக்கர் (இலங்கையில் இருந்த ஆங்கிலேயர் மிளாவை 'எல்க்' என்றே அழைத்தார்கள், ஐரோப்பாவில் அது மூஸின் பெயர்) பின்னாளில் ஆப்பிரிக்காவுக்கு அரை பவுண்டு குண்டு போடும் ஒரு துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போனார். அதைச் சுட அவருக்கே பயம். வேகம் கொடுக்க முடியாத கரிமருந்துக் காலத்தில் எடையைக் கூட்டுவது ஒன்றே வழி என்பதால் இவர்களைக் குறை சொல்ல முடியாது.

புகையில்லா வெடிமருந்து வந்ததும் கணக்கு தலைகீழானது. ஜிம் கார்பெட் 1926இல் ருத்ரபிரயாகையின் ஆட்கொல்லிச் சிறுத்தையைச் சுட்டது .275 ரிக்பி. சாதாரண 7 மில்லிமீட்டர் தோட்டாதான் அது. அதே தோட்டாவைக் கொண்டு ஸ்காட்லாந்துக்காரர் டபிள்யூ. டி. எம். பெல் ஆப்பிரிக்காவில் நூற்றுக்கணக்கான யானைகளைக் கொன்றார். தந்தத்துக்காக நடந்த கொலை, பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் அது எப்படி முடிந்தது என்பது நமக்குப் பாடம். பெல் போட்டது முழு உறைக் குண்டு. யானையின் மண்டை எலும்பைக் கடந்து மூளை வரை நேராகப் போக வேண்டும், வழியில் விரியக்கூடாது. மூளை எங்கே இருக்கிறது என்பதை எந்தக் கோணத்திலிருந்தும் சொல்லக் கற்றிருந்தார். அதே குண்டைச் சிறுத்தையின் மார்பில் போட்டால் ஊசித் துளைதான் மிஞ்சும். துப்பாக்கி ஒன்றுதான்; குண்டு நிற்க வேண்டிய இடம் வேறு.

இந்தியாவில் உரிமம் பெற்றவர்கள் கையில் பரவலாக இருக்கும் ரைஃபிள் .315. இஷாப்பூர் தொழிற்சாலை செய்வது. ராணுவத் தோட்டா வெளியே கசிந்துவிடக் கூடாது என்று .303ஐ வெள்ளைக்காரன் பொதுமக்களுக்குத் தடை செய்ததால் வந்து சேர்ந்த மாற்று அது. குண்டு சுமார் 16 கிராம், வேகம் நடுத்தரம், முனையில் ஈயம் தெரியும் வகையும் உண்டு. மிளாவுக்கே போதுமானது; பன்றிக்குத் தாராளம். தாராளம் என்பதுதான் சமவெளியில் சிக்கல்.

சமயநல்லூரைப் பாருங்கள். வடக்கே தூரத்தில் சிறுமலை, தெற்கே வைகை, அதற்கும் அப்பால் நாகமலை. இடையில் உள்ளங்கை போல் தட்டையான வயல், தென்னந்தோப்பு, மதுரை–திண்டுக்கல் நாற்கரச் சாலை, கூடவே ஓடும் ரயில் பாதை, எந்நேரமும் மோட்டார் போட வருகிற ஆள். ரைஃபிள் குண்டு தடையில்லாமல் போனால் 3, 4 கிலோமீட்டர் போகும். மூஸ் வேட்டைக்காரன் விசையை அழுத்துவதற்கு முன் கேட்டுக்கொள்ளும் கேள்வி, மானைத் தாண்டினால் குண்டு எதில் போய் நிற்கும் என்பது. மேட்டு நிலத்தில் பின்னால் ஒரு சரிவு இருக்கும். இங்கே என்ன இருக்கிறது?

கணக்குப் போடலாம். வரப்பில் நிற்பவர் ஒன்றரை மீட்டர் உயரத்தில் துப்பாக்கியைப் பிடித்து, 40 மீட்டர் தள்ளி நிற்கும் பன்றியின் மார்பைச் சுடுகிறார். மார்பு தரையிலிருந்து 40 சென்டிமீட்டர். குண்டு ஊடுருவிப் போனால் பன்றிக்குப் பின்னால் ஏறத்தாழ 15 மீட்டரில் தரையைத் தொடும், ஒன்றரை டிகிரிச் சாய்வில். இவ்வளவு படுத்த கோணத்தில் காய்ந்த மண்ணில் பட்டாலும் தண்ணீர் கட்டிய வயலில் பட்டாலும் குண்டு புதையாது, தெறித்து எழும்பும். அதே ஆள் நான்கு மீட்டர் உயரப் பரணில் உட்கார்ந்து சுட்டால் நாலரை மீட்டரிலேயே தரை வந்துவிடும், கோணம் ஐந்து டிகிரி. பன்றி 20 மீட்டருக்கு வரும்வரை பொறுத்தால் பத்து டிகிரி. குண்டு மண்ணுக்குள் போய்விடும் வாய்ப்பு நன்றாகக் கூடுகிறது. ஸ்வீடன் காடுகளில் மரத்தாலான வேட்டைக் கோபுரங்கள் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். சோளக்கொல்லையில் கிளி விரட்டப் பரண் கட்டிய ஊர் நமது. கட்டத் தெரியாதா என்ன?

பரணுக்கு இன்னொரு பலனும் உண்டு. தூரம் குறைகிறது. பின்லாந்தில் மூஸ் சுட அனுமதி வேண்டுமானால் 75 மீட்டரில் 23 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் நான்கு குண்டும் விழ வேண்டும், 90 நொடிக்குள். ஒன்று வெளியே போனாலும் தேர்ச்சி இல்லை. அந்த வட்டம்தான் மூஸின் நுரையீரல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்றிக்கு வட்டம் இன்னும் சிறியது, நேரமோ ராத்திரி. டார்ச் வெளிச்சத்தில் சுடுகிறவருக்கு 75 மீட்டர் எல்லாம் பேராசை.

இவ்வளவுக்குப் பிறகும் சில காயத்தோடு ஓடும். மூஸைச் சுட்டு அது ஓடிவிட்டால், ரத்தத் தடம் பிடிக்கப் பழக்கிய நாய் இரண்டு மணி நேரத்துக்குள் அந்த இடத்துக்கு வர வேண்டும் என்பது ஸ்வீடன் சட்டம். நம் சிப்பிப்பாறையும் கன்னியும் அருமையான ஓட்டக்காரர்கள். ஆனால் கண்ணால் பார்த்துத் துரத்தும் சாதி. மோப்பம் பிடித்து மெதுவாகத் தடம் போவது வேறு தொழில். சுட்ட இடத்தில் மனிதனே பார்க்கலாம்: நுரைத்த இளஞ்சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரல், பன்றி பக்கத்தில்தான் கிடக்கும். கறுத்த கெட்டி ரத்தம் ஈரல். பச்சையாக, தீனி நாற்றத்தோடு இருந்தால் வயிறு. உடனே பின்னால் போகக்கூடாது. துரத்தினால் இன்னும் தூரம் ஓடும், புதருக்குள்ளிருந்து திரும்பிப் பாய்ந்தாலும் பாயும்.

கடைசியாக ஈயம். விரியும்போது ஈயக் குண்டு தன்னில் கொஞ்சத்தை உடலுக்குள் உதிர்க்கிறது. நார்டிக் நாடுகளில் மூஸ்களிலிருந்து எடுத்த குண்டுகளை எடைபோட்டுப் பார்த்ததில் ஈயக் குண்டு சராசரியாக 3 கிராம் வரை இழந்திருந்தது. முழுச் செம்பில் செய்த குண்டு இழந்தது அரை கிராம் அளவுதான். உதிர்ந்த துகள் கறியோடு மனிதனுக்குப் போகிறது, வீசிய குடலோடு கழுகுக்குப் போகிறது. கலிபோர்னியாவில் காண்டார் என்ற பெரும் பிணந்தின்னிக் கழுகை மீட்கும் முயற்சிக்கு இன்றுவரை பெரிய இடைஞ்சல் வேட்டை ஈயம்தான். 2019 முதல் அங்கே வேட்டைக்கு ஈயத் தோட்டா கூடாது. டென்மார்க் 2024 ஏப்ரலில் ரைஃபிள் தோட்டாவிலும் ஈயத்தைத் தடை செய்தது. நம் ஊரில் வயலோரம் கிடக்கும் குடலுக்கு முதலில் வருவது காக்கை, பருந்து, தெருநாய்.

செம்புக்கு மாறுவது தோட்டாப் பெட்டியை மாற்றுவதோடு முடியாது. ஈயத்தைவிடச் செம்பு அடர்த்தி குறைவு: கன சென்டிமீட்டருக்கு ஈயம் 11.3 கிராம், செம்பு 9 கிராம். அதே எடைக்குக் குண்டு நீளமாகும். நீண்ட குண்டு காற்றில் தள்ளாடாமல் போகக் கூடுதல் சுழற்சி வேண்டும், அதைக் கொடுப்பது குழலுக்குள் வெட்டிய வரிப்பள்ளத்தின் திருகு. திருகு போதாத பழைய குழலில் நீண்ட செம்புக் குண்டைப் போட்டால் குறி தவறும். எடையைக் குறைத்து, வேகத்தைக் கூட்டிச் சரிக்கட்டலாம். செம்பு உடையாததால் எடை குறைந்தாலும் ஆழம் குறையாது. வனத்துறை பன்றிக்கென்று தோட்டா வாங்க விலைப்புள்ளி கேட்கும்போது குண்டின் எடை, முனையின் வகை இரண்டோடு, கையில் இருக்கும் ரைஃபிளின் குழல் எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று திருகியிருக்கிறது என்பதையும் அளந்து எழுத வேண்டியிருக்கும்.